ஆய்வகத்தை இரவிலும் திறந்து வையுங்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரி முதல்வருக்கும் ஆய்வுக் குழுவினருக்கும்,

வணக்கம். இரவில் மைய ஆய்வகத்தைத் திறக்க முடியாது, ரத்த மாதிரிகளைக் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். செப்சிஸ், அதாவது கிருமித் தொற்றுக்கு உடல் கட்டுமீறி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை பற்றிய எங்கள் ஆய்வு எதைத் தேடுகிறது என்பது நீங்களே ஒப்புதல் அளித்த கோப்பில் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு வலிக்கிறது.

செப்சிஸ் நோயாளிகள் பலர் தாலுகா மருத்துவமனையிலிருந்து 108 ஆம்புலன்சில் நடுராத்திரியில்தான் வந்து சேர்கிறார்கள். ரத்த அழுத்தம் சரிகிற அந்த முதல் சில மணி நேரத்தில் உடல் தானே சுரக்கும் எண்டார்பின் (மார்பின் போலச் செயல்படும் பொருள்), அதற்கு உறவான நோசிசெப்டின் ஆகியவை ரத்தத்தில் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி. விடிவதற்குள் நோயாளி வென்டிலேட்டரில் இருப்பார், மார்பின் வகை வலிமருந்தான ஃபெண்டனில் ஏறிக்கொண்டிருக்கும். அப்புறம் எடுக்கிற ரத்தத்தில் எது நோயின் வேலை, எது மருந்தின் வேலை என்று எப்படிப் பிரிப்பது?

எண்டார்பின், நோசிசெப்டின் போன்ற இந்தப் பெப்டைடுகளை (சிறு புரதத் துண்டுகளை) ரத்தத்திலுள்ள நொதிகளே சிதைத்துவிடும். அந்தச் சிதைவைத் தடுக்கும் அப்ரோட்டினின் கலந்த குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து, தாமதிக்காமல் ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் குளிர் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி, பிளாஸ்மாவை மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். அந்த சென்ட்ரிஃப்யூஜ் ஐ.சி.யூ.வுக்கு ஒரு மாடி மேலேதான் இருக்கிறது, பூட்டிய அறைக்குள்.

போன வாரம் ஒரு அம்மா, கணவர் நினைவில்லாமல் கிடக்கும்போது, நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற யாருக்காவது உதவுமா டாக்டர்?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். ரத்தம் எடுத்தோம். சாவி வைத்திருப்பவர் வீட்டுக்குப் போயிருந்தார். ஐஸ் கரைந்தது. அந்தக் குழாயைக் குப்பையில் போட வேண்டியதாயிற்று. அந்த அம்மாவிடம் இதை யார் சொல்வது? ஆகவே கேட்கிறேன், ஆய்வகத்தை இரவிலும் திறந்து வையுங்கள்.

இது பழைய கேள்வி, முடிந்துபோன விஷயம் என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். 1978-இல் ஹாலடே, ஃபேடன் என்ற ஆய்வாளர்கள், எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சால் எலிகளுக்குச் சரிந்த ரத்த அழுத்தத்தை, எண்டார்பினின் செயலைத் தடுக்கும் நாலாக்சோன் மருந்து மீட்பதைக் காட்டினார்கள். பின்னர் மனிதர்களிலும் அழுத்தம் கூடியது, ஆனால் உயிர் காத்ததாக நிரூபணமாகவில்லை. அதோடு பலர் விட்டுவிட்டார்கள். ஆனால் 1995-இல் கண்டறியப்பட்ட நோசிசெப்டினின் ஏற்பியை (அது செல்லில் ஒட்டிச் செயல்படும் இடத்தை) நாலாக்சோன் தடுப்பதே இல்லை. நியூட்ரோஃபில் என்ற ரத்த வெள்ளை அணுக்களே நோசிசெப்டினைச் சுரக்கின்றன. செப்சிஸ் உண்டாக்கிய எலிகளில் அதன் ஏற்பியைத் தடுத்தபோது இறப்பு குறைந்தது. இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், செப்சிஸில் இறந்தவர்களின் ரத்தத்தில் அதன் அளவு பிழைத்தவர்களைவிட அதிகமாக இருந்தது. அழற்சியை அது தூண்டுகிறதா, அல்லது அழற்சி முற்றியதால் அது கூடுகிறதா என்பதைச் சிறிய ஆய்வுகளால் சொல்ல முடியாது. நிறைய நோயாளிகள் வேண்டும். அவர்கள் நம் வார்டில்தான் படுத்திருக்கிறார்கள்.

2017-இல் மட்டும் உலகில் சுமார் 1.1 கோடிப் பேர் செப்சிஸோடு தொடர்புடைய காரணங்களால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் இறப்புச் சான்றிதழ்களிலோ நிமோனியா, சிறுநீரகச் செயலிழப்பு என்று எழுதிவிட்டு நகர்கிறோம். பெயரே எழுதாத நோய்க்கு ஆள் எப்படி ஒதுக்குவார்கள், கருவி எப்படி வாங்குவார்கள்? பணிநேரம் முடிந்தால் பூட்டு என்பது அலுவலகத்துக்குச் சரி. இது ஆஸ்பத்திரி.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். புதுக் கருவியோ கூடுதல் நிதியோ நான் கேட்கவில்லை. ஆய்வகச் சாவியின் ஒரு பிரதி ஐ.சி.யூ. இரவுப் பணி மருத்துவரிடம் இருக்கட்டும், கையெழுத்திட்டு வாங்க ஒரு பதிவேடு வையுங்கள். அடுத்த குழுக் கூட்டம் வரை காத்திருக்காமல் இந்த வாரமே உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர்