ராய்கட்டில் கதை சொல்ல ஆள் இருக்கிறது, செஞ்சியில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மராட்டியக் கோட்டைகள் என்று 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தவை 12. அதில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மீதி ஒன்று எங்கள் ஊர் செஞ்சி. சரி, நம்மோடு சேர்ந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாமே என்று, புனேயில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது ராய்கட் போயே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தேன்.

சிவாஜி 1674 ஜூன் 6 அன்று முடிசூட்டிக்கொண்ட மலை அது. 1680 ஏப்ரலில் அவர் கண்ணை மூடியதும் அங்கேதான். மாப்பிள்ளையும் பேரனும் படியேறி வந்தார்கள். மூட்டு வலிக்காரியான நானும் மகளும் ரோப் காரில் போனோம். சில நிமிடங்கள்தான், ஆனால் கீழே குனிந்து பார்க்காமல் இருப்பது நல்லது. படியேறியவர்களுக்கு வழியில் மோர் கிடைத்ததாம். அடிவாரத்துக் கிராமத்துப் பெண்கள் கொண்டுவந்து விற்கிறார்கள்.

மேலே ஒரு கைடை அமர்த்திக்கொண்டோம். அவரும் அடிவாரத்துக்காரர். அவர் மராத்தியில் சொல்லச் சொல்ல மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். கடைவீதியில் இரு பக்கமும் கல்மேடைகள் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. குதிரையிலிருந்து இறங்காமலே சாமான் வாங்கத்தான் அந்த உயரம் என்றார். நம்புவதா வேண்டாமா தெரியவில்லை, பேரன் மட்டும் உடனே நம்பிவிட்டான். பால் விற்க வந்த ஹிரகணி, சாயங்காலம் கோட்டைக் கதவை அடைத்துவிட்டதால், வீட்டில் விட்டுவந்த கைக்குழந்தையை நினைத்துச் செங்குத்துப் பாறையில் இறங்கிப் போன கதையை, அந்தக் கொத்தளத்தைக் காட்டியே சொன்னார். தர்பார் வாசலில் நின்று ஒரு காகிதத்தைக் கிழித்தார். சிம்மாசன மேடைப் பக்கம் நின்ற எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்டது!

எனக்குப் பிடித்தது ஜகதீஸ்வரர் கோயில் படிதான். கோட்டையைக் கட்டிய ஹிரோஜி இந்துல்கர் தன் பெயரை அந்தப் படியில் வெட்டிவைத்திருக்கிறார். ராஜா சாமி கும்பிட வரும்போது கால் படுகிற இடம். அதைத் தாண்டினால் எட்டுப் பட்டைக் கல்மேடையில் சிவாஜியின் சமாதி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் போகிறார்கள். ரோப் காரில் வருகிறவர்களில் பலர் சிம்மாசன மேடையில் படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவது எனக்கு வருத்தம்தான். இன்னும் கொஞ்சம் நடந்தால் சமாதி.

“அம்மாவுக்கு செஞ்சிதான் ஊர்” என்று மகள் சொன்னதும் அந்த மனிதரின் முகமே மாறிவிட்டது. 1689-இல் ராய்கட் மொகலாயர் கைக்குப் போனபோது, சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் தப்பி வந்து ஆட்சி நடத்தியது நம் செஞ்சியிலிருந்துதானே. ராஜாராம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது, யார் காட்டுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். கல்யாண மகால், களஞ்சியம், ராஜகிரி உச்சி எல்லாவற்றையும் சொன்னேன். யார் காட்டுகிறார்கள் என்பதற்கு மட்டும் பேச்சை மாற்றினேன்.

ராஜகிரிக்கு வருகிறவர்களுக்கு நம் ஊரில் தேசிங்கு ராஜா கதை தெரியும். அது தெரியவேண்டியதுதான், அவன் வீரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 1677-இல் சிவாஜி பிடித்த கோட்டை இது என்பதும், மொகலாயத் தளபதி சுல்பிகர் கான் ஆண்டுக்கணக்கில் முற்றுகையிட்டும் 1698 வரை விழவில்லை என்பதும், விழுமுன்பே ராஜாராம் நழுவிவிட்டார் என்பதும் நான் பேசிப்பார்த்த பலருக்குத் தெரியவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகள் உட்பட.

பலகைகளை மட்டும் கூட்டிப் பயனில்லை, வெயிலில் நின்று யார் படிப்பார்கள்? பொறுப்பில் இருப்பவர்கள் செஞ்சிப் பிள்ளைகளைக் கைடுகளாகப் பயிற்றுவிக்க வேண்டும். வரலாறு படிக்கும் கல்லூரி மாணவர்களுக்கு சனி, ஞாயிறு மட்டும் வேலை கொடுத்தாலும் போதும். கட்டணத்தை வாசலிலேயே எழுதிவைத்துவிட்டால் பேரம் பேசும் சங்கடமும் இல்லை. அப்புறம், அவர்களில் ஓரிருவராவது இந்தி பேசினால் நல்லது, மகாராஷ்டிரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உதவும். தொடங்குவதென்றால் பங்குனிக்கு முன்பே தொடங்கட்டும். வெயில் ஏறிவிட்டால் ராஜகிரிப் படியில் கால் வைக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி, செஞ்சி