மழை வந்தால் இணையம் இல்லை

ஐயா,

கோத்தகிரிப் பக்கம் கேபிள் வராத வீடுகளுக்குக் கூரையில் தட்டு ஆன்டெனா வைத்து வயர்லெஸ் இணையம் தருகிறார்கள். எதிர்மலை டவரும் தட்டும் நேருக்கு நேர் பார்த்தால்தான் சிக்னல். நடுவில் சில்வர் ஓக் வளர்ந்து இலை நனைந்தால் போதும், ரூட்டரில் சிவப்பு விளக்குதான். போன் செய்தால், "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்பார்கள். அப்புறம் புகார் தீர்ந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி வரும்! வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பெண், மழைநாளில் லேப்டாப்போடு குன்னூருக்கு பஸ் ஏறுகிறார். கட்டணத்தில் மட்டும் ஒரு பைசா குறையாது.

தட்டை உயர்த்திக் கட்டட்டும். முடியாதென்றால் பணத்தைத் திருப்பித் தரட்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிப்படி புகாருக்கு எண் தர வேண்டும். தீராவிட்டால் கட்டணமின்றி மேல்முறையீடு செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. வாசகர்கள் தயங்காமல் கூப்பிடுங்கள்.

- ஒரு வாசகர், கோத்தகிரி