பரிமாறியவர்களுக்கு

பர்மாவில் ரங்கூனை அடுத்த சிரியம் பக்கத்து ஊர்ச்சனங்களுக்கும், வடக்கே மாண்டலேயில் எங்களோடு தெருவில் படுத்துக் கிடந்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த மடலை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். சோம்பல் பாதி, வெட்கம் பாதி.

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. மதியம் ஒரு மணி ஆகவில்லை. அரிசிக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். நிலநடுக்கத்தின் அளவு 7.7 என்பது பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது, அடுக்கியிருந்த மூட்டைகள் என்னைப் பார்த்து நடந்து வந்ததுதான். மனைவி, மகள், நான் மூவரும் கட்டிய துணியோடு வெளியே வந்தோம். கடையும் மேல்மாடி வீடும் போயின.

அன்றிரவு அரண்மனை அகழி ஓரம். ஜும்மா தொழுகையில் தம்பியைப் பறிகொடுத்த பாய், நோன்பு திறக்க வைத்திருந்த பேரீச்சம்பழத்தை என் மகள் கையில் வைத்தார். அவருக்கு என்ன சொல்வது என்று இன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா தன் பாயில் பாதியை விட்டுக்கொடுத்தார்; காலையில் தனக்கா மரக்கட்டையைச் சந்தனம் போல உரைத்து மகள் முகத்தில் பூசிவிட்டார். வீடு இடியும்போது தனக்காக் கட்டையையும் கல்லையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். நான் தூக்கி வந்தது கால்குலேட்டர்.

சகாயிங் பக்கம் உறவு உண்டு. ஆனால் 1934இல் கட்டிய ஆவா பாலமே ஐராவதியில் விழுந்து கிடந்தது. அதனால் தெற்கே ரங்கூன் பஸ் ஏறினோம். மகளுக்கு டிக்கெட் காசு வாங்காத கண்டக்டர் தம்பி, நன்றி.

ஏப்ரல் 11 பங்குனி உத்திரம். மாண்டலேயில் வருஷா வருஷம் அன்னதானத்துக்கு அரிசி கொடுத்து, கரண்டியும் நானே பிடிப்பேன். இரண்டாம் பந்தியிலும் வந்து உட்காருகிறவர்களை முகம் பார்த்து வைத்துக்கொள்வேன். அது உண்மை. இந்த முறை உங்கள் ஊர்க் கோயிலில் இலை முன்னால் நான். மகளுக்குப் பசி அடங்கவில்லை. இரண்டாம் பந்தியிலும் உட்கார்ந்தோம். ரசம் ஊற்றிய பையன் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இன்னுங் கொஞ்சம் ஊத்தவா மாமா?" என்றான், அவ்வளவுதான்.

கை கழுவி எழுந்தபோது ஒரு அக்கா வந்து, "சாம்பார் வாளியைப் பிடிங்கண்ணே, ஆள் பத்தல" என்றார். பின்னால் நாலு இளவட்டங்கள் சும்மா நின்றதை நான் பார்த்தேன். அவருக்கும் தெரியும். வாளியின் பிடி நல்ல சூடு.

இப்போது வாடகைக்குச் சின்னதாகக் கடை போட்டிருக்கிறேன். அடுத்த உத்திரத்துக்கு இரண்டு மூட்டை பவ்சான் அரிசி லாரியில் வரும். ஆள் பத்தாவிட்டால் சொல்லி அனுப்புங்கள்.