எப்போது பார்த்தாலும் வீனஸ்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு படிக்கக் கூடாது என்று மகள் எல்லாத் தாள்களையும் ஒளித்து வைத்துவிட்டாள். நேற்றுதான் விடுதலை. கைக்குக் கிடைத்ததும் முதலில் பிரித்தது நீ அனுப்பிய பிரெஞ்சு ஓவியர் தோமியேயின் கேலிச்சித்திரத் தொகுப்பைத்தான்.

அதில் 1864இல் ‘ஷரிவாரி’ நாளிதழில் வந்த படம் நினைவிருக்கிறதா? பாரிஸில் அரசு நடத்திய சலோன் ஓவியக் கண்காட்சி. சுவரில், ரோமானியரின் காதல் தெய்வமான வீனஸ் என்ற பெயரில் ஆடையில்லாத அழகிகள். முன்னால், தொப்பியும் அகன்ற பாவாடையுமாக இரண்டு குடும்பப் பெண்கள். ஒருத்தி முகத்தைச் சுளித்தபடி சொல்கிறாள்: “இந்த வருஷமும் வீனஸ்தான்... எப்போது பார்த்தாலும் வீனஸ்! இப்படியெல்லாம் பெண்கள் இருக்கிறார்களாக்கும்!”

ஓரத்தில் நீ பென்சிலால் ‘வயிற்றெரிச்சல்’ என்று எழுதியிருக்கிறாய். நானும் அப்படி நினைத்துச் சிரித்தவன்தான். இப்போது நான் அந்த அம்மாள் கட்சி. முந்தைய ஆண்டுக் கண்காட்சியில் கபனேல் வரைந்த ‘வீனஸின் பிறப்பு’ ஓவியத்தை மூன்றாம் நெப்போலியனே விலைக்கு வாங்கினான். பேரரசனே வாங்கினால் மற்ற ஓவியர்கள் சும்மா இருப்பார்களா? அவள் அலுத்துக்கொள்வதில் என்ன தப்பு?

இன்னொன்று. தோமியே படங்களுக்கு வாசகம் எழுதியவர்கள் பெரும்பாலும் வேறு ஆட்கள். அச்சுக் கல்லில் படம் வரைவதோடு அவர் வேலை முடிந்தது. கீழே உள்ள வரியைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார். பொறாமையா தெரிகிறது? எனக்குக் கால் கடுக்க நின்றவளின் சலிப்புதான் தெரிகிறது.

லூயி பிலிப் மன்னனை ஊர்ப்பணத்தை விழுங்கும் பூதமாக வரைந்து 1832இல் சிறைக்குப் போன மனிதர் இவர். 1835இல் அரசியல் கேலிக்குச் சட்டம் வாய்ப்பூட்டுப் போட்டது. பிறகுதான் வக்கீல், வீட்டுக்காரன், சண்டையிடும் தம்பதி என்று இறங்கினார். ஏறக்குறைய நாலாயிரம் கல்லச்சுப் படங்கள்! அரசனிடம் காட்டிய கோபம் இந்தப் பெண்களிடம் இல்லை, கவனித்தாயா?

கடைசிக் காலத்தில் அவருக்கும் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. கட்டிலில் கிடந்தபோது அதை நினைத்துச் சற்றுப் பயந்தேன், உன்னிடம் சொல்ல என்ன வெட்கம்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? விரலால் மறைத்துப் பார்த்துவிட்டு எழுது. மகள் சொட்டு மருந்தோடு வருகிறாள்.

உன் பழைய நண்பன்