பழைய பாத்திரங்களை நிறுத்துப் போடுமுன் படமாவது வரைந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வார இணைப்பில் வந்த சீனத்து ஜேட் கல் சாடிகளின் படங்களைப் பார்த்தேன். அச்சு அருமை. ஆனால் 'அரண்மனை அலங்காரப் பொருட்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள், அது போதாது. எங்கள் கோயில்களுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிற ஒரு பாடம் அந்தச் சாடிகளில் இருக்கிறது.

அந்த உருவங்கள் ஷாங், சோவ் அரச காலத்து வெண்கலப் பாத்திரங்களுடையவை, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் முன்னோருக்கு மதுவும் உணவும் படைத்தவை. கல்லில் செய்தவற்றில் பெயர்பெற்றவை பல மிகப் பிந்தியவை, 1735 முதல் 1796 வரை ஆண்ட சியென்லுங் பேரரசர் காலத்தவை. 1759இல் மேற்கே சின்ஜியாங் பகுதி அவர் கைக்கு வந்தபின் அங்குள்ள ஹோட்டானின் ஜேட் கல் தாராளமாகக் கிடைத்தது, பழைய வெண்கலத்தைப் பார்த்துச் செய்யுங்கள் என்று அவரே வற்புறுத்தினார்.

இந்த வகையில் ஒரு சாடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வாய் ஊமத்தம்பூப் போல விரிந்து, இடை ஒடுங்கி, நடுவில் பெரிய இரு கண்ணும் கொம்புமாக ஒரு மிருக முகம். பக்கங்களில் மேலிருந்து கீழாகத் துருத்திக்கொண்டு நிற்கும் பட்டைகள். வெண்கலத்தில் அந்தப் பட்டைக்குக் காரணம் இருந்தது: மண் அச்சைத் துண்டு துண்டாகச் செய்து பொருத்தி உலோகத்தை ஊற்றுவார்கள், துண்டுகள் சேரும் இடத்தில் தழும்பு விழும், அந்தத் தழும்பின் மேலேயே பட்டையை வைத்து அழகாக்கிவிட்டார்கள். கல்லுக்கு ஏது அச்சு, ஏது மூட்டு? அப்படியிருந்தும் கல்வேலைக்காரர் அந்தப் பட்டையை விடவில்லை. அதுவும் சாதாரணக் கத்தி கீறாத கல், உளி வைத்துச் செதுக்க முடியாது, ஈர மணலைப் போட்டு, காலால் மிதித்துச் சுழற்றும் தகட்டில் தேய்த்துத் தேய்த்தே உருவம் எடுக்க வேண்டும், உள்ளே குழாயால் துளைத்துக் குடைய வேண்டும். சில சாடிகளின் காதில் தொங்கும் வளையம்கூட அதே கல்லிலிருந்து பிரித்தெடுத்ததுதான்.

சரி, அத்தனை நூற்றாண்டு கழித்து அவர்களுக்கு அந்த உருவம் எங்கிருந்து கிடைத்தது? அரண்மனையில் மிஞ்சியிருந்த வெண்கலங்கள் ஒரு பக்கம். மறுபக்கம் புத்தகங்கள். 1092இலேயே லூ தாலின் என்ற அறிஞர் பழைய பாத்திரங்களைப் படம் வரைந்து, அளவு, நிறை, பொறித்த எழுத்து எல்லாம் குறித்துத் தொகுத்துவிட்டார். பிறகு ஹுய்சொங் பேரரசரின் சேகரிப்புக்கும் அப்படி ஒரு பெரிய தொகுப்பு வந்தது. 1127இல் தலைநகர் எதிரிகளிடம் வீழ்ந்து அந்தச் சேகரிப்பு சிதறிப்போனது, படங்கள் மட்டும் திரும்பத் திரும்ப அச்சாகிப் பட்டறைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

எங்கள் நாட்டுக்கும் இதில் ஒரு தொடுப்பு உண்டு. கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கும், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்த 1409ஆம் ஆண்டுக் காலிக் கல்வெட்டின் சீனப் பகுதியில், சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த காணிக்கைகளோடு பழம்பாணி வெண்கலத் தூபக்கால்களும் பூச்சாடிகளும் எழுதப்பட்டிருக்கின்றன.

இப்போது திருகோணமலைக்கு வருகிறேன். 1624இல் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். மண்ணுக்குள் இருந்த விக்கிரகங்கள் சில 1950இல் கிணறு வெட்டும்போது வெளியே வந்தன, நாமும் கும்பிட முடிகிறது. அன்றைய பூசைப் பாத்திரங்கள் எப்படி இருந்தன என்று நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? இன்று யாரும் இடிக்காமலே போய்க்கொண்டிருக்கிறது. கும்பாபிஷேகம் நெருங்கினால் போதும், நெளிந்த தூபக்கால், வாய் தேய்ந்த கிண்டி, உபயகாரர் பெயர் வெட்டிய தாம்பாளம் எல்லாவற்றையும் பழைய பித்தளை என்று நிறுத்துக் கொடுத்துவிட்டு, பளபளவென்று சில்வர் சாமான் வாங்கி வைக்கிறார்கள். வீடுகளில் மூக்குப்பேணிக்கும் இதே கதிதான். புதிது வாங்குவதை நான் குறை சொல்லவில்லை, ஓட்டை விழுந்த பாத்திரத்தில் எத்தனை நாள்தான் பூசை செய்வது, ஆனால் கொடுப்பதற்கு முன் ஒரு படம், உயரம், வாயகலம், நிறை, அதில் இருக்கும் எழுத்து, இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அது இருந்தால் நாளைக்கு ஒரு கன்னார் அதே கிண்டியைத் திரும்ப வார்க்கலாம்.

வார இணைப்பில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். கோயில் சபைகளும் வாசகர்களும் பழைய பாத்திரங்களின் படத்தையும் அளவையும் அனுப்பட்டும். எங்கள் தெருக் கோயிலில் இரண்டு தூபக்கால்களும் ஒரு கிண்டியும் மடைப்பள்ளி மூலையில் கிடக்கின்றன. ஐயரிடம் கேட்டுவிட்டேன், அளந்து முதலில் நானே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருகோணமலை