ஆடிப்பட்டத்துக்கு என்ன விதைப்பது: மகளுக்கு அப்பா எழுதிய கடிதம்

தண்டையார்பேட்டை,
ஆனிக் கடைசி.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துப் பக்கம் போகும் வேலை இருப்பதாகவும், மாடித் தோட்டத்துக்கு வேண்டிய விதைகளை எழுதியனுப்பினால் வாங்கி வைப்பதாகவும் சொல்லியிருந்தாய். பெயர்களை மட்டும் எழுதினால் போதும்தான். ஆனால் சென்ற ஆண்டு ஓரளவு காய்த்த சிலவற்றை இந்தப் பட்டத்தில் விட்டுவிடவும், நம்மை மாதக்கணக்கில் காக்க வைத்த ஒன்றைத் தொடரவும் முடிவு செய்திருக்கிறேன். இந்தத் தோட்டத்தை என்னோடு சேர்ந்து தொடங்கியவள் நீ என்பதால், அதற்கான காரணங்களையும் உனக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் மாடியில் எது வளரும் என்பதை முதலில் தீர்மானிப்பது தண்ணீர். கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நம் தெருவில், கோடை முற்ற முற்றப் போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிடுகிறது. நீ சித்திரையில் வந்திருந்தபோது, செடிப் பைகளின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததையும், கத்தரி இலைகளின் நடுப்பகுதி பச்சையாகவே இருக்க விளிம்பு மட்டும் தீய்ந்தது போலப் பழுப்பேறியிருந்ததையும் பார்த்து, ஏதோ நோய் என்று வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னாய். அது நோய் அல்ல, உப்பின் வேலை. பீன்ஸ், கேரட், வெங்காயம் ஆகியவை உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். கத்தரியும் ஏறக்குறைய அப்படித்தான். காராமணியும் பீட்ரூட்டும் அவற்றைவிட நன்றாகத் தாங்கும். ஆகவே நீ ஆசையோடு சொன்ன பீன்ஸும் கேரட்டும் நம் வீட்டுக்கு வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து மலையேறினால் விளைபவை அவை; இங்குள்ள வெயில், தண்ணீர் இரண்டுமே அவற்றுக்கு ஒத்துவராது. காலிஃபிளவரையும் அதே காரணத்தால் விட்டுவிடலாம்.

கத்தரியை மட்டும் விட மனமில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு அம்மா கேட்கும் பிஞ்சு கடையில் கிடைப்பதில்லை என்பது ஒரு புறம் இருக்க, மழைக்காலத்தில் மற்றவை சோர்ந்து நிற்கும்போதும் தாக்குப்பிடித்து நின்று, தை வரையில் காய் கொடுக்கும் செடி அது. ஆகவே குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீரைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மட்டும் ஒதுக்கி, காராமணிக்குப் போர் தண்ணீரை ஊற்றுவது என்று பிரித்துக்கொண்டுள்ளேன். ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாமே என்று அம்மா கேட்கிறாள். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கிறது என்பதால், அதை வாசல் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சென்ற ஆண்டு கத்தரி நின்ற பைகளில் இந்த முறை கத்தரி, தக்காளி, மிளகாய் எதையும் நடப்போவதில்லை. மூன்றும் ஒரே குடும்பம். பழைய செடியைப் பிடுங்கியபோது வேர் முழுவதும் சிறு சிறு முடிச்சுகளாக இருந்தது, அது வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை. அந்த மண்ணை மொட்டை மாடி வெயிலில் பரப்பிக் காயவைத்து, வேப்பம் பிண்ணாக்குக் கலந்து வைத்திருக்கிறேன். அதில் இந்த முறை முளைக்கீரையும் புளிச்சக்கீரையும்தான் போடுவேன்.

தக்காளியை ஆடியில் விதைப்பதை நிறுத்திவிடலாம் என்பது என் முடிவு. ஆடியில் நாற்று விட்டால் அது பூத்துக் காய்க்கும் நேரமும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. மழையில் பூ உதிர்வதோடு, காயும் பழுக்குமுன் அழுகிவிடுகிறது. கோடைக்குத் தள்ளினாலும் பயனில்லை. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவிலும் தணியாதபோது மகரந்தம் வலுவிழந்து, பூ பிஞ்சாகாமலே கொட்டிவிடும். ஐப்பசியில் நாற்றைத் தாழ்வாரத்தில் மழைபடாமல் வளர்த்து, கார்த்திகைக் கடைசியில் பைக்கு மாற்றினால், மாசியில் பழம் பார்க்கலாம். அதற்குப் பெரியகுளத்து பி.கே.எம். 1 ரகம் போதும்.

வெண்டையைத் தயங்காமல் தொடரலாம். விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்த்து, பெருமழைக்கு முன்பே தன் கடமையை முடித்துவிடுகிற செடி அது. சென்ற ஆவணியில் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலையாக மாறியதே, அது வெள்ளை ஈ பரப்பும் நோய். வந்த செடியைப் பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்நோயைத் தாங்குவதற்கென்று பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா அனாமிகா ரகம் கிடைத்தால் அதையே வாங்கு.

இனி அவரை. பந்தலில் இலையாகவே மண்டிக் கிடந்த அந்தக் கொடியை வெட்டிவிட்டு வேறு ஏதாவது போடலாம் என்று புரட்டாசியில் நீ தொலைபேசியில் சொன்னது நினைவிருக்கும். பொறுத்திருக்கச் சொன்னேன். நாட்டு அவரை பகற்பொழுது குறைந்தால்தான் பூக்கும். சித்திரையில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும், பனி இறங்கும் மாதங்களுக்காகக் காத்து நிற்கும். கார்த்திகையில் ஊதாப் பூச்சரம் நிமிர்ந்தது. பொங்கலன்று நம் கொடியின் காயிலேயே அம்மா கூட்டு வைத்தாள். பந்தலை ஐந்து மாதம் அடைத்துக்கொண்டு இரண்டே மாதம் காய்க்கும் கொடி என்று கணக்குப் பார்த்தால் நட்டம்தான். இருந்தாலும் மெல்லிய நார் உரித்து, கையாலேயே ஒடித்துப்போடும் அந்தப் பிஞ்சின் மணம் கடைக்காயில் இல்லை. தவிர, இந்தப் பந்தல் நிழல் இருந்ததால்தான் கீழே இருந்த கீரைப் பைகள் ஐப்பசி வெயிலில் வாடாமல் நின்றன. அவரைக்கு விதை வாங்க வேண்டாம். கொடியிலேயே நெற்று முற்றி, குலுக்கினால் சலசலக்கும்வரை விட்டுப் பறித்து, வண்டு விழாமல் சாம்பலில் புரட்டிச் சீசாவில் வைத்திருக்கிறேன்.

பந்தலின் மறுகோடியில் பீர்க்கை ஏறும். சுரையை விட்டுவிடுகிறேன். சுரைப்பூ அந்தி சாய்ந்தபின் விரிகிறது. இரவில் வரும் அந்துப்பூச்சி நம் மூன்றாவது மாடிக்கு வருவதாகத் தெரியவில்லை, பிஞ்செல்லாம் விரல் நீளத்தில் வெம்பி விழுந்துவிட்டன. பீர்க்கம்பூவும் மாலையில்தான் விரியும் என்றாலும், அது வெளிச்சம் இருக்கும்போதே திறந்துகொள்வதால், ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, பெண் பூவின் சூலகமுடியில் நானே தடவிவிட முடிகிறது. பாகலை இந்த முறை ஒரே ஒரு கொடியோடு நிறுத்திக்கொள்கிறேன். பழ ஈக்குப் பயந்து ஒவ்வொரு பிஞ்சுக்கும் காகித உறை மாட்ட வேண்டியிருக்கிறது, அம்மாவின் சர்க்கரைக்காக அதைச் செய்கிறேன்.

உரத்துக்குக் குறைவில்லை. காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த மீன் கழிவோடு எடைக்கு எடை நாட்டுச்சர்க்கரை சேர்த்து மூடிவைத்த மீன் அமிலம் தயாராகிவிட்டது. வாடை போய்ப் பழவாசம் வந்துவிட்டதால் பக்கத்து வீட்டாரும் முகம் சுளிப்பதில்லை.

ஆகவே நீ வாங்க வேண்டியவை கத்தரி, மிளகாய், வெண்டை, காராமணி, பீர்க்கை, தக்காளி ஆகியவற்றின் விதைகள். எல்லாவற்றிலும் சிறிய பொட்டலம் போதும். கத்தரியில் ரகம் எதுவானாலும் சரி, வீரிய ஒட்டு விதை வேண்டாம். நல்ல காய் ஒன்றைப் பழுக்கவிட்டு அடுத்த ஆண்டுக்கு நாமே விதை எடுத்துக்கொள்ளலாம். பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கு. ஆடிப் பெருக்குக்குள் கையில் கிடைத்தால் அன்றே நாற்று விட்டுவிடுவேன். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
அப்பா