கிரைண்டர் வாங்கும் முன்னால்

அன்புள்ள கண்ணம்மா,

ஐம்பதாயிரத்துக்கு ஒரு காபி கிரைண்டர் பார்த்து வைத்திருப்பதாக நேற்று நீ சொன்னதும் அம்மா பதறிப்போய்விட்டாள். நான் ஒன்றும் பேசவில்லை, போனில் ஆரம்பித்தால் பாதியில் வேறு பேச்சு வந்துவிடும், அதனால் எழுதுகிறேன்.

கிரைண்டருக்குப் பணம் போடுவது வீண் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். தாத்தாவின் கை மெஷின், மேஜை விளிம்பில் திருகி வைத்திருப்போமே, அதன் பல் தேய்ந்துபோன வருஷம் மிக்சியில் அரைத்துப் பார்த்தேன். பீபெரியும் பிளான்டேஷனும் கலந்து வறுத்த நல்ல கொட்டை. ராத்திரி பில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றிவிட்டுப் படுத்தால், காலையில் பாதித் தண்ணீர் மேலேயே நிற்கிறது, இறங்கிய கொஞ்சமும் ஒரே கசப்பு. மீதிப் பொடியை வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் பரப்பினேன். மாவு மாதிரி தூசியும், மிளகை உடைத்த மாதிரி குறுணையும் கலந்து கிடந்தது. தூசி பில்டர் ஓட்டையை அடைத்துக் கசப்பையும் இறக்கிவிட்டது, குறுணையிலிருந்து சாரமே இறங்கவில்லை. மிக்சி பிளேடு கொட்டையை அடித்து உடைக்கிறது, எந்தத் துண்டு எத்தனை அடி வாங்கும் என்று கணக்கே இல்லை. பர் கிரைண்டரில் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் நீ வைக்கிற இடைவெளிதான் அளவு, அதைவிடப் பெரிய துண்டு கீழே விழாது.

இந்த வித்தியாசத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கலாம். அதற்கு மேலே கொடுக்கும் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும்.

நீ எஸ்பிரெஸோ போடுகிறவளாக இருந்தால் நானே வாங்கு என்பேன். 9 பார் அழுத்தத்தில் 25, 30 விநாடியில் இறங்க வேண்டிய காபி அது. அரவை ஒரு மயிரிழை மாறினால் தண்ணீர் சர்ரென்று ஓடிவிடும், இல்லையென்றால் சொட்டாமல் நிற்கும். அங்கே நுணுக்கமாகத் திருகி நிறுத்துகிற கிரைண்டர் இல்லாமல் முடியாது. நீ போடுவதோ வி60, கூம்பு வடிகட்டியில் கையால் வெந்நீர் ஊற்றி இறக்குவது, 15 கிராம் பொடிக்கு 250 மில்லி தண்ணீர், மூன்று நிமிஷ வேலை. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை நம் பில்டர் காபி. அதில் சிக்கரியும் பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு அந்த ஐம்பதாயிரத்தின் நுணுக்கம் நாக்குக்கு எட்டாது, இத்தனை வருஷம் குடித்தவன் சொல்கிறேன்.

ஸ்டீல் பர் வைத்த கை கிரைண்டர், டைம்மோர் சி2 மாதிரி, பத்தாயிரத்துக்குள் வந்துவிடும். ஒரு ஆளுக்கு அரைக்க ஒரு நிமிஷம் போல ஆகும். காலையில் சுற்ற அலுப்பாக இருந்தால் பராட்ஸா என்கோர் என்கிற மின்சார கிரைண்டரைப் பார், அரவையை 40 அளவில் மாற்றி வைத்துக்கொள்ளலாம், தேய்ந்த பாகத்தை மட்டும் தனியாக வாங்கி மாற்றலாம். எனக்கு அதுதான் முக்கியம், தாத்தா மெஷினுக்குப் பல் கிடைக்காமல் நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை.

மிச்சப் பணத்தைக் கொட்டையில் போடு. பெங்களூரில் இருக்கிறாய், சிக்மகளூர் கொட்டை பக்கத்திலேயே கிடைக்கும். வறுத்த தேதி பார்த்து கால் கிலோவாக வாங்கு, போடுகிற நேரத்தில் அரை. நேற்று அரைத்த பொடியைத் தாத்தா தொடவே மாட்டார்.

எதை வாங்கினாலும் சரி, முதல் அரவையை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பு, நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா